அவனவன் தப்பு

ஜனவரி 6

மாப்ளைக்கு, மச்சான் எழுதுறது.

நான் நல்லா இருக்கேன். உன் முட்டி எப்படி இருக்கு? ஆபரேஷன் பண்ணின நாள்லேர்ந்து, மழை வர்றதுக்கு முந்தின நாளே அது வலிக்குதுன்னு எழுதியிருந்தே. டிவியில வானிலை சொல்ற வேலைக்கு மனு போடு. என் தங்கச்சியைக் கேட்டதாச் சொல்லு. போன்லயே பேசலாம்தான். ஆனா நீ ஹலோ சொல்றதுக்குள்ள அவ பிடுங்கிக்கிறா. அப்புறம் நான் சாப்பிட்டேனா, என்ன சாப்பிட்டேன், ஏன் அதைச் சாப்பிட்டேன்னு ஒரே விசாரணை. உன்கிட்ட ரகசியம் பேசணும்னா கடுதாசிதான்.

ரகசியம் இதுதான். நான் டீம் மாறிட்டேன். ரயில்வேக்காரன் உன்னையும் சேத்துக்கிட்டு நாம முப்பது வருஷம் ஹாக்கி ஆடின டிப்போ டீமை விட்டாச்சு. அறுபத்தெட்டு வயசு கோல்கீப்பரை இன்னொரு டீம் வீடு தேடி வந்து கூட்டிட்டுப் போகுதுன்னா பாத்துக்கோ. (அவங்க கீப்பர் வேற ஊருக்குப் போயிட்டான். வேற ஆளே கிடைக்கல. இதை உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு இருந்தேன், கை எழுதிடுச்சு.)

ஞாயித்துக்கிழமை டீம்னு பேரு. தண்ணி டேங்குக்குப் பின்னாடி மைதானம். எல்லாம் நாப்பது தாண்டினதுங்க. துணி மாத்துற ரூமுக்குள்ள நுழைஞ்சதும் கேப்டன் எழுந்து நின்னு கை குடுத்தான். லிஃப்ட் மெக்கானிக் அவன். "உங்களை எப்படிக் கூப்பிடணும்?"னு கேட்டான். இப்படி ஒரு கேள்வியை இதுவரைக்கும் என்னை யாரும் கேட்டதில்ல, அவங்கவங்க இஷ்டத்துக்குத்தான் கூப்பிட்டிருக்கானுங்க. "பஸ் டிப்போவுல டயர் மாட்டினவன், டயர்னுதான் கூப்பிடுவாங்க"ன்னேன். அன்னையிலேர்ந்து நான் 'டயர் ஐயா'. மாப்ள, பஞ்சரானவனுக்கும் மரியாதை!

நல்ல கொக்கியா பாத்து என் துணியை மாட்ட விட்டுட்டாங்க. கால் பேட் வாரை ஒருத்தர் குனிஞ்சு மாட்டி விட்டார். அவர் தையல்காரர், ஃபுல்பேக் ஆடுறார், என்னை டயரண்ணேங்கிறார். பிளாஸ்க்ல டீ. ஒருத்தன் தொப்பையைப் பத்தி இன்னொருத்தன் பேச மாட்டேங்கறான். எனக்கு நாக்கு அரிக்குது.

இவங்ககிட்ட ஒரு வழக்கம் இருக்கு. மேட்ச் முடிஞ்சதும் பெஞ்சுல வட்டமா உக்காந்து பந்தைக் கை மாத்தணும். பந்து யார் கைக்கு வருதோ அவன் அன்னைக்குத் தான் பண்ணின தப்பைச் சொல்லணும். அவனவன் தப்பை மட்டும். அடுத்தவன் தப்பைப் பத்தி மூச்சு விடக் கூடாது. எப்படி? நம்ம டிப்போ ரூம்ல அடுத்தவன் தப்பு இல்லேன்னா பேச்சே இருந்திருக்காதே!

டிப்போ டீமை ஏன் விட்டேன்னு கேப்பே. நாலு கோல் விட்டேன். மறுவாரம் போனா என் கொக்கியில ஒரு கருப்புக் கண்ணாடியை மாட்டி வச்சிருக்கானுங்க. அத்தனை பேரும் சிரிக்கறான். மரியாதை தெரியாத பயலுக. அவ்வளவுதான் விஷயம்.

முட்டியைக் கேட்டதாச் சொல்லு.

உன் மச்சான்,
டயர் ஐயா


ஜனவரி 19

மச்சான் அவர்களுக்கு வணக்கம்.

நானும் உங்கள் தங்கையும் நலம். முட்டியிடம் சொன்னேன், அதுவும் உங்களை விசாரித்தது.

டயர் ஐயா என்பதைப் படித்துவிட்டு மூன்று நாள் சிரித்தேன். இனி நானும் அப்படியே அழைக்கலாமா, அல்லது எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டுமா?

ஆனால் மரியாதை தெரியாத பயல்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் புரை ஏறியது. சென்டர் ஆடியவருக்கு முடி கொட்டத் தொடங்கியபோது, அவர் கொக்கியில் சீப்பைக் கட்டித் தொங்கவிட்டது யார்? எனக்குக் கல்யாணம் ஆன மறுவாரம், "என் தங்கச்சி அடிச்ச அடியில மாப்ளைக்குக் கால் வரல" என்று ரூம் முழுக்கச் சொல்லித் திரிந்தது யார்? முப்பது வருடம் அந்த ரூமுக்கு நீங்கள்தான் ராஜா. ஒரு கண்ணாடிக்காகவா ராஜ்யத்தை விட்டீர்கள்?

முப்பத்தைந்து வருடம் ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் கையெழுத்தைப் படித்தவன் நான். உங்கள் கடிதத்தில் நாலாவது வரி மூன்றாவது வரியின் மேல் ஏறிப் படுத்திருக்கிறது. பல வரிகளில் முதல் எழுத்தே இல்லை. அதெல்லாம் காகிதத்துக்கு இடது பக்கம் உங்கள் மேஜையில் கிடக்கும், தேடிப் பாருங்கள்.

கண்ணைக் காட்டினீர்களா? உண்டு, இல்லை. ஒரு வார்த்தை போதும்.

அன்புடன்,
மாப்பிள்ளை


பிப்ரவரி 3

மாப்ளைக்கு,

சுகம். உன் கடுதாசியைப் படிச்சு நான் சிரிச்ச சிரிப்புல மேல் வீட்டம்மா இறங்கி வந்து பாத்துட்டுப் போனாங்க. சீப்பை நீ மறக்கவே மாட்டியா? அன்னைக்கு அவனே சிரிச்சானே. சிரிச்சான்னுதான் நினைக்கறேன்.

நேத்து மேட்ச். அஞ்சுக்கு ஒண்ணு தோத்தோம். டிப்போ ரூமா இருந்தா என் தோலை உரிச்சு மேளம் கட்டியிருப்பானுங்க. இங்க என்ன நடந்துச்சு தெரியுமா? பந்து சுத்தி வந்துச்சு. கேப்டன், "என் தப்பு, நடுவுல இடம் விட்டுட்டேன்"னான். இன்னொருத்தர், "என் தப்பு, நான் திரும்பி ஓடி வரல." தையல்காரர், "என் தப்பு, இடது பக்கம் நான் பாத்திருக்கணும்." இப்படியே அஞ்சு கோலையும் அஞ்சு பேர் பங்கு போட்டுக்கிட்டாங்க. என் கைக்குப் பந்து வந்தப்போ எனக்குன்னு ஒரு கோல் கூட மிச்சமில்ல! "என் தப்பு, சாக்ஸைத் துவைக்காம போட்டுட்டு வந்துட்டேன்"னேன். ரூமே சிரிச்சுது.

நல்ல மனுஷங்க மாப்ள. இவ்வளவு நல்லவங்க நடுவுல உக்காந்தா முதுகு வலிக்குது.

ஹெல்மெட் புதுசு. முன்னாடி கம்பி கொஞ்சம் மறைக்குது. தட்டி நேராக்கணும்.

நீ வேற என்னவோ கேட்டிருந்தே. பேனாவுல மை தீரப் போகுது, அப்புறம் எழுதுறேன். தங்கச்சியைக் கேட்டேன்.

மச்சான்


பிப்ரவரி 14

மச்சானுக்கு,

நலம். இத்துடன் ஒரு பேனா அனுப்பியிருக்கிறேன். மை நிறைய இருக்கிறது.

ஹெல்மெட் கம்பி எல்லாக் கீப்பருக்கும்தான் மறைக்கும். ஆனால் தையல்காரர் இடது பக்கம் என்கிறார். உங்கள் வரிகளும் இடது பக்கம்தான் தொலைகின்றன. இடது பக்கம் மட்டும் மறைக்கிற கம்பியை நான் பார்த்ததில்லை.

நானே வந்து கையைப் பிடித்து இழுத்துப் போவேன். ஒன்பது மணி நேரப் பயணம். என் முட்டி ஒன்பது படி ஏறவே ஒரு நாள் யோசிக்கிறது. உங்கள் தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவள் அடுத்த பஸ்ஸில் அங்கே நிற்பாள், நான் இங்கே யாரைப் பிடித்துக்கொண்டு நடப்பது?

கண்ணைக் காட்டினீர்களா?

மாப்பிள்ளை


மார்ச் 11

மாப்ளைக்கு,

நீ நல்லா இருப்பேன்னு நம்பி எழுதுறேன். பேனா வந்துச்சு. நல்லா வழுக்குது, என்னை மாதிரி.

கேட்டுக்கிட்டே இருக்கியே, சரி, போனேன். கண்ணாஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன். ஒருத்தர் வெளிய வந்தார், என் வயசுதான் இருக்கும். மகன் கையைப் பிடிச்சுக்கிட்டுப் படி இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் மகன், "இன்னும் ஒண்ணுப்பா, இன்னும் ஒண்ணு"ங்கறான். நான் யார் கையைப் பிடிக்கறது? எதிர்க்கடையில ஒரு டீ குடிச்சேன். வீட்டுக்கு வந்துட்டேன். டீ நல்லா இருந்துச்சு.

உள்ள போனா என்ன சொல்லுவான்? ஆடாதேம்பான். சரி, ஆடல. ஞாயித்துக்கிழமை காலையில நான் எங்க போறது மாப்ள? என் சம்சாரம் போய்ச் சேந்து ஆறு வருஷமாச்சு. வாரத்துல ஆறு நாள் நான் பேசறது சுவத்தோட. ஏழாவது நாள்தான் பத்து பேர் "வாங்க ஐயா"ங்கறாங்க.

ஒரு வேடிக்கை சொல்றேன், உனக்கு மட்டும். பந்து வருது, வருது, வருது... இல்ல. எங்க போச்சுன்னு தேடறதுக்குள்ள பின்னாடி கோல் பலகையில 'டம்'முங்குது. சத்தத்தை வச்சுத்தான் கோல்னே தெரியுது. கேட்டா சிரிப்பு வருதுல்ல?

இந்தத் தையல்காரர் இப்போ ஒரு தொல்லை. ஃபுல்பேக்னா கொஞ்சம் முன்னாடி நிக்கணும்ல? இந்தாளு என் இடது கம்பத்தை ஒட்டியே நிக்கிறார். "ஏன்யா என் மடியிலயே வந்து நிக்கறே, தாலாட்டுப் பாடணுமா?"ன்னு கேட்டேன். "ஓட முடியல டயரண்ணே, மூச்சு வாங்குது. இங்க உங்க பக்கத்துல நின்னா ஒரு தெம்பு"ங்கறார். நாப்பத்திரெண்டு வயசுல மூச்சு வாங்குதாம்! தையல் மெஷின்ல உக்காந்தே பழகின காலு.

ரெண்டு மேட்ச்சா கோல் கம்மிதான். ஃபார்முக்கு வந்துட்டேன் போல.

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் குடு.

மச்சான்


மார்ச் 20

மச்சானுக்கு,

இங்கே அனைவரும் நலம். இந்தக் கடிதத்தில் கேலி இல்லை, தேடாதீர்கள்.

தையல்காரருக்கு மூச்சு வாங்கவில்லை. அவருக்கு உங்கள் கண் தெரிந்துவிட்டது. நீங்கள் பார்க்காத பந்தைத் தடுக்கத்தான் அந்தக் கம்பத்தில் நிற்கிறார். கோல் குறைந்ததும் அதனால்தான். உங்களுக்கு ஹெல்மெட் உண்டு, மார்புக் கவசம் உண்டு, கால் பேட் உண்டு. அவருக்கு என்ன இருக்கிறது? ஒரு மட்டையும் வெறுங்கையும். ஹாக்கிப் பந்து கல் மாதிரி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான்.

இது உங்களுக்குத் தெரியாது என்று நீங்கள் சொன்னால், நான் நம்பவில்லை என்று சொல்வேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆடப் போகாதீர்கள். போனால், அந்த ரூமில் பந்து உங்கள் கைக்கு வரும்போது உண்மையைச் சொல்லுங்கள். அதற்காகத்தானே அந்தப் பந்தைச் சுற்ற விடுகிறார்கள்?

ஒரு பழமொழி நாக்கு நுனியில் நிற்கிறது. எழுத மாட்டேன்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 16

மச்சானுக்கு,

நாலு வாரமாகப் பதில் இல்லை. போன் அடித்தோம், எடுக்கவில்லை. "அண்ணன் ஏன் எழுதல?" என்று உங்கள் தங்கை கேட்டாள். "மேட்ச் மும்முரம்" என்றேன். பொய் சொல்லும்போது நான் மூக்கைத் தொடுவேனாம். தொட்டேன் போலிருக்கிறது. அதன்பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கோபம் என்றால் கோபத்தையாவது எழுதுங்கள். எழுதப் பிடிக்கவில்லை என்றால் வெறும் காகிதத்தை உறையில் போட்டு அனுப்புங்கள். விலாசம் உங்கள் கையெழுத்தில் இருந்தால் போதும்.

மாப்பிள்ளை


மே 2

மாப்ளைக்கு,

எனக்கு ஒண்ணும் இல்ல. அதை முதல்ல எழுதிடறேன். எனக்கு ஒண்ணுமே ஆகல, அதுதான் எழுத முடியாம இருக்கு.

நீ சொன்னதைக் கேக்கல. அடுத்த ஞாயிறும் போனேன். அதுக்கடுத்ததும் போனேன். பந்து கைக்கு வந்தப்போ ஒவ்வொரு வாரமும் ஒரு ஜோக் சொன்னேன். அதான் உனக்கு எழுதல.

போன ஞாயிறு அவங்களுக்குப் பெனால்டி கார்னர். அடிக்கறவன் தோள் அசைஞ்சது எனக்குத் தெரிஞ்சுது. பந்து தெரியல. சத்தம் வந்துச்சு. அது பலகைச் சத்தம் இல்ல. பச்சைக் குச்சியை ஒடிச்சா வருமே, அது. திரும்பிப் பாத்தா தையல்காரர் கம்பத்தடியில மண்டி போட்டு உக்காந்திருக்கார். வலது கை. ஆள்காட்டி விரலும் நடு விரலும்.

என் காலுக்கு ரெண்டடி தள்ளி வந்த பந்து மாப்ள. நான் பேட்டை நீட்டியிருந்தாலே போதும். பாத்திருந்தா.

கேப்டன் வண்டியை எடுக்க ஓடினான். வர்ற வரைக்கும் ரூம்ல உக்காந்தோம். தையல்காரர் கையில ஈரத்துண்டு. அன்னைக்குப் பந்தை யாரும் எடுக்கல. அவரே இடது கையால எடுத்தார். "என் தப்பு. தப்பான இடத்துல நின்னுட்டேன்"னார். சொல்லிட்டுப் பந்தை என்கிட்ட நீட்டினார்.

எல்லாரும் என்னைப் பாத்திருப்பாங்க. எனக்குச் சரியாத் தெரியல. வாயைத் திறந்தேன். "என் தப்பு, இன்னைக்கு ஷேவ் பண்ணாம வந்துட்டேன்"னேன்.

யாரும் சிரிக்கல. யாரும் திட்டவும் இல்ல. ஒருத்தர் வந்து குனிஞ்சு என் பேட் வாரைக் கழட்டி விட்டார்.

டிப்போ ரூமா இருந்தா தூக்கிப் போட்டு மிதிச்சிருப்பானுங்க. அது தேவலாம் போல இருக்கு.

நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். இந்தத் தடவை உள்ள போறேன். தங்கச்சிகிட்ட சொல்லிடு. மூக்கைத் தொடாம சொல்லு.

மச்சான்


ஜூன் 8

மாப்ளைக்கு,

உன் முட்டியும் தங்கச்சியும் சுகமா இருக்கணும். கிளம்பி வர்றேன்னு போன்ல நின்னவளை, உன் முட்டியைச் சொல்லி நான்தான் நிறுத்தினேன். எழுத்து பெருசா இருக்குன்னு கோவிச்சுக்காதே. பக்கத்துக்கு எட்டு வரிதான் வருது.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. நல்லா பொறுமையாச் சொன்னாங்க. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு செத்துப் போச்சாம். இடது முழுசாப் போச்சு. வலதுல பாதி இருக்கு, அதை நிறுத்தி வைக்க சொட்டு மருந்து. போனது போனதுதான். "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டாங்க. "சொல்லுங்கம்மா"ன்னேன். சொல்லல. அவங்களையும் எங்க ஞாயித்துக்கிழமை டீம்ல சேத்துக்கலாம்.

அந்த ஞாயிறு ரூமுக்குப் போய் நானே பந்தைக் கேட்டு வாங்கினேன். "என் தப்பு. எனக்கு இடது கண்ணு தெரியாது. இங்க வந்த நாள்லேர்ந்தே தெரியாது"ன்னேன். கேப்டன் மெதுவா, "தெரியும் ஐயா"ன்னான். மூணாவது மேட்ச்லயே எல்லாருக்கும் தெரியுமாம்! "ஏன்யா யாரும் சொல்லல?"ன்னேன். "அடுத்தவங்களைச் சொல்லக் கூடாதில்லையா ஐயா. நீங்களே சொல்லுவீங்கன்னு காத்திருந்தோம்"ங்கறான். அவனை நான் என்னன்னு திட்டறது?

தையல்காரர் கையில வச்ச கம்பியை எடுத்துட்டாங்க. ரெண்டு விரலும் மடங்கல. இனி மடங்காதுன்னுட்டாங்க. அவர் கடையில துணி வெட்டறது அவர்தான், தைக்கறது அவர் சம்சாரம். கத்தரியை இடது கையில பிடிச்சுப் பாத்தார். அது வலது கைக்குன்னு செஞ்ச கத்தரி. துணி ரெண்டு அலகுக்கு நடுவுல மடிஞ்சு மாட்டிக்குது, வெட்ட மாட்டேங்குது.

நான் தினமும் போய் அவர் கடையில உக்காந்துக்கறேன். போன வாரம், "கை என்கிட்ட இருக்கு, கண்ணு உன்கிட்ட இருக்கு, ரெண்டையும் சேத்து ஒரு ஆளாக்கலாம்"னேன். அவர் சாக்பீஸால கோடு போட்டார். நான் கத்தரியைப் பிடிச்சேன். "நேரா அண்ணே... கொஞ்சம் வலது... ஐயோ வேண்டாம், நில்லுங்க"ன்னு சொல்லச் சொல்ல வெட்டினேன். ஒரு கால் ஒழுங்கா வந்துச்சு. இன்னொரு கால் தொடையிலேயே முடிஞ்சு போச்சு. யாரோ கல்யாணத்துக்குன்னு குடுத்த பேண்ட் துணி.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "என் தப்பு டயரண்ணே. கோட்டை மெல்லிசாப் போட்டுட்டேன்."

என்னால தாங்க முடியல மாப்ள. "ஒரு வார்த்தை திட்டுய்யா"ன்னு கேட்டேன். "எதுக்குண்ணே"ன்னு டீ வாங்கிக் குடுத்தார். அவர் சம்சாரம் மெஷினை மிதிச்சுக்கிட்டே இருக்காங்க. அந்தச் சத்தம் எனக்கு வீடு வரைக்கும் கேக்குது.

நீயாவது திட்டி எழுது. உன் கடுதாசியை இனி என்னால படிக்க முடியாது. தையல்காரர்தான் படிச்சுச் சொல்லணும். பரவால்ல, எழுது.

மச்சான்


ஜூன் 19

தையல்காரர் அவர்களுக்கு,

வணக்கம். நாம் பார்த்துக்கொண்டதில்லை. நான் உங்கள் டயரண்ணனின் தங்கை கணவன். கை எப்படி இருக்கிறது என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஒரு உதவி. இதற்குக் கீழே நான் எழுதியிருப்பதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். ஒரு வார்த்தை விடக் கூடாது. மரியாதைக்காக எதையும் மாற்றக் கூடாது. உங்கள் டீம் வழக்கம் எனக்குத் தெரியும். நான் அந்த டீமில் இல்லை, அதனால் அடுத்தவன் தப்பைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நீங்கள் படிக்க மட்டும்தான் போகிறீர்கள். பேசுவது நான்.

இங்கிருந்து தொடங்குங்கள்.

யோவ் கிழவா! உனக்கு வெக்கமா இல்ல? உன் கண்ணு போனது உன் தலையெழுத்து, அதுக்கு நான் அழறேன். ஆனா அது போச்சுன்னு தெரிஞ்சும் கோல்ல போய் நின்னியே, அது தலையெழுத்தா? கொழுப்பு! ஊருல இருக்கறவன் தலைமுடி, தொப்பை, பொண்டாட்டி எல்லாத்தையும் வாய்ல போட்டு மென்னியே, உன்னைப் பத்தி ஒரே ஒரு உண்மையைச் சொல்ல அந்த வாய்க்கு என்ன கேடு வந்துச்சு? வாரா வாரம் ஒருத்தன் உன் முன்னாடி சுவரா நின்னான். அது உனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சே நின்னே. அவன் கை என்ன கோல் பலகையா? அந்தக் கையாலதானே அவன் வீட்டுல சோறு? அது ஒடிஞ்ச அன்னைக்கும் ஷேவ் பண்ணலன்னு ஜோக்கு! அதைப் படிச்சப்போ உன் தங்கச்சி சேலைத் தலைப்பை வாய்ல வச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

இதற்கு மேல் எனக்கு வரவில்லை. நாலு முறை எழுதி நாலு முறை கிழித்தேன். என் முட்டி மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் நேரில் வந்து கத்தியிருப்பேன்.

மாப்பிள்ளை


ஜூலை 1

மாப்ளைக்கு,

உன் கடுதாசி வந்துச்சு. தங்கச்சிகிட்ட என்னால என்ன சொல்ல முடியும், நீயே ஏதாவது சொல்லு.

கடையிலதான் படிச்சார். முதல்ல அவருக்கு எழுதினதை மனசுக்குள்ளயே படிச்சார். "என்ன எழுதியிருக்கான்?"னேன். தொண்டையைச் செருமிட்டு, "யோவ் கிழவா"ன்னார். உடனே, "மன்னிச்சுக்குங்கண்ணே, எழுதியிருக்கு"ன்னார். "படிய்யா"ன்னேன்.

ரயில் எத்தனை மணி லேட்டுன்னு ஸ்டேஷன்ல சொல்லுவாங்களே, அந்தக் குரல்ல படிச்சுக்கிட்டே வந்தார். கொழுப்புங்கறதைக் கூட ஏதோ மருந்து பேரு மாதிரி படிச்சார். "அவன் கை என்ன கோல் பலகையா"ங்கற இடத்துல நின்னுட்டார். மறுபடி அதையே படிச்சார். மூணாவது தடவை 'அவன் கை'ன்னு வரல. "என் கை என்ன கோல் பலகையாய்யா?"ன்னார்.

காகிதம் கீழ விழற சத்தம் கேட்டுச்சு. திட்டு நிக்கல.

நீ எழுதாததெல்லாம் வந்துச்சு மாப்ள. "சட்டைப் பட்டன் கூட அவதான் போட்டு விடறா. குளிக்கும்போது முதுகுக்கு சோப்பு போட முடியல. பதினெட்டு வருஷம் வெட்டின கை. வெறுங்கையால பிடிச்சே இடுப்பு அளவு சொல்லுவேன், இன்னைக்கு டேப்பைப் பிடிச்சா நழுவுது." "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன்யா அங்க வந்து நிக்கப் போறேன்? சாக்ஸாம்! ஷேவாம்! நானும் சிரிச்சேனே, என்னைச் சொல்லணும்!" "தினமும் வந்து உக்காந்துக்கறியே, உன்னைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு என்ன இருக்கும்னு யோசிச்சியா?"

அவர் சம்சாரம் மெஷினை நிறுத்திட்டாங்க. ஆனா அவரை அடக்கல.

என் வாய்க்கு ஒரு ஜோக் வந்துச்சு. சத்தியமா வந்துச்சு. முழுங்கிட்டேன்.

"என் தப்பு"ன்னேன்.

இத்தனை மாசமா அந்த ரூம்ல யார் அப்படிச் சொன்னாலும், "பரவால்ல, பரவால்ல"ன்னு பத்து பேர் முதுகுல தட்டுவாங்க. அவர் தட்டல. "ஆமா. உன் தப்புதான்"னார்.



அவர் விரல் மடங்கல. என் கண்ணும் வரல. நீயும் நானும் டாக்டரும் என்ன பண்ணிட முடியும். நான் எழுந்து வாசக்கதவைத் தடவிக்கிட்டு நிக்கும்போது, "நாளைக்குப் பத்து மணிக்கு வா"ன்னார். எதுக்குன்னு சொல்லல. அண்ணேன்னும் கூப்பிடல.

நீ நல்லா இரு. நான் போறேன், பத்து மணிக்கு.

மச்சான்